கண் மங்கினாலும் கை ஓயவேண்டாம்



கந்தர்வக்கோட்டைப் பகுதி குழுக்களில் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அம்மாவுக்குக் கண்ணு தெரியல. அடுப்புப் பக்கமே விடுறதில்ல, சும்மா உட்கார வெச்சிருக்கோம்." அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் வேலை நின்றுபோனால் கை கால் முடங்கும், மனசும் ஒடுங்கும்.

முதல் வேலை கண் பரிசோதனை. கண்புரை என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பிவிடும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். சிகிச்சை எடுத்து, கண்ணாடி போட்ட பிறகும் அன்றாட வேலைக்குப் போதாமல் இருப்பதுதான் 'குறைபார்வை'. மிச்சமுள்ள பார்வை, தொடு உணர்வு, காது இவற்றைக் கொண்டு தன் வேலையைத் தானே செய்யப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி என்ற செயல்முறைப் பயிற்சி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சை செய்தார். அவர் வேலையை விடவில்லை; செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதுவே வழி.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. வெளிச்சம்: விளக்கு முகத்துக்கு நேரே வேண்டாம். தோளுக்குப் பின்னாலிருந்து வேலை மேல் விழட்டும்.

2. நிற வேறுபாடு: வெள்ளைச் சோறு வெள்ளைத் தட்டில் தெரியாது. அடர்நிறத் தட்டிலோ வாழை இலையிலோ போடுங்கள். வாசற்படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள்.

3. ஒரே இடம்: உப்பு, பருப்பு, தீப்பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கட்டும். காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மாத்திரைக்கு இரண்டு.

4. கை வேலை: கடலை உடைப்பது, புளி கொட்டை எடுப்பது, பூண்டு உரிப்பது எல்லாம் விரலே பார்த்துச் செய்யும். விட்டுக் கொடுங்கள்.

5. பணம்: புதிய நோட்டுகளின் இரு ஓரத்திலும் மேடான கோடுகள் உண்டு. 100 ரூபாயில் 4, 500 ரூபாயில் 5. 200 ரூபாயில் 4 கோடுகளோடு இரண்டு வட்டங்கள். தடவிப் பழக்குங்கள்.

நம் மாவட்டத்தில் 1991-92 அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் பலருக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். கோடு தெரியவில்லை என்பதற்காக அவர்களைத் திரும்பவும் கைநாட்டு வைக்கச் சொல்லலாமா? கறுப்பு அட்டையில் கையெழுத்து அளவுக்கு நீளமாக ஒரு ஜன்னல் வெட்டி, கையெழுத்து போடும் இடத்தில் வையுங்கள். விரலால் ஓரத்தைத் தடவி உள்ளே எழுதிவிடுவார்கள். செலவில்லை, மானமும் போகாது.

பூதக்கண்ணாடி முதலிய கருவிகளைப் பரிசோதித்துத் தர, மதுரை அரவிந்த் மருத்துவமனையில் குறைபார்வைக்கெனத் தனிப்பிரிவு உள்ளது. பார்வைக் குறைவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மனு செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்குள்:
• கண் மங்கிய உறுப்பினர்கள், வீட்டுப் பெரியவர்கள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
• பரிசோதனைக்கு யார் கூடப் போவது என்று முடிவு செய்யுங்கள்.
• குழுவுக்கு ஒரு கையெழுத்து அட்டை வெட்டுங்கள்.

"கண்ணு தெரியல, குழுவ விட்டு நின்னுக்கிறேன்" என்று எந்த அக்காவும் சொல்லும்படி விடக்கூடாது.