புரொப்பல்லரில் கயிறு சிக்கினால்

பாய்மரப் படகின் எஞ்சின் நியூட்ரலில் சீராக ஓடி, கியர் போட்டதும் திணறி அணைகிறதா? டீசலைக் குறை சொல்லுமுன் புரொப்பல்லரைச் சந்தேகியுங்கள். பழைய வலைத்துண்டோ நம் படகுக் கயிறோ சுற்றியிருக்கலாம். (நம் கயிறுதான் என்று யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை!) உடனே எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். கயிற்றின் நுனி கைக்கு எட்டினால், நியூட்ரலில் வைத்து ஒருவர் படகின் உள்ளே புரொப்பல்லர் தண்டைக் கையால் எதிர்த்திசையில் சுழற்ற, மற்றவர் மெல்ல இழுக்கலாம். நைலான் உருகி இறுகியிருந்தால் பல்வைத்த கத்தியால் அறுத்துத்தான் ஆகவேண்டும். அலையடிக்கும்போது மட்டும் அடியில் இறங்காதீர்கள். துள்ளும் படகு மண்டையைப் பிளந்துவிடும். பாய்தான் இருக்கிறதே, அதை விரித்து அமைதியான நீருக்குப் போய், நங்கூரமிட்டு இறங்குங்கள். கயிற்றை எடுத்தபின், தண்டு வெளியேறும் இடத்தில் நீர் கசிகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.