வலிக்காத மாரடைப்பு

சுகர் முற்றினால் கால் மரத்துப்போகும் என்பது கொரட்டூரில் எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். இதயத்தை ஆளும் நரம்புகளும் அப்படியே கெடும் என்பது என் சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்த பிறகுதான் தெரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர் அவர். ரயில் நிலையப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. சட்டை நனைய வியர்த்தது. நெஞ்சு வலிக்கவே இல்லை. "வாயுதான்" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் சித்தி விடாப்பிடியாக அழைத்துப்போய் எடுக்கவைத்த ஈசிஜியில்தான் விஷயம் வெளியே வந்தது.

பல ஆண்டுகள் இரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை, நரம்புகளையும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் அரிக்கிறது. மிக நீளமான வேகஸ் நரம்பு முன்னதாகவே அடிபடும். இதயத்துக்கு பிரேக் போன்றது அது. அது தளர்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறை நெருங்கும். வலியைச் சொல்லும் நரம்புகள் மங்கினால், மாரடைப்பு நடப்பதே மூளைக்கு எட்டாமல் போகலாம். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகள் கெட்டால், எழுந்து நின்றதும் பிபி சரியும்.

சித்தப்பாவுக்கு இந்த அறிகுறிகளில் ஒன்று முன்பே இருந்தது. கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டும். பிபி மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டார். மாத்திரையாலும் அப்படி வரலாம் என்பதால்தான் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும். எடின்பரோவில் மருத்துவர் டேவிட் யூவிங் வகுத்த சோதனைகளில் ஒன்றும் எளிதுதான்: நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடும்போது ஈசிஜியில் துடிப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். வித்தியாசம் 15-க்கு மேல் இருந்தால் நல்லது, பத்துக்குக் கீழே போனால் நரம்பு கெட்டிருக்கிறது. ஈசிஜி கருவி இருக்கும் இடத்தில் செய்துவிடலாம். ஆனாலும் கேட்டு வாங்குபவர்கள் குறைவு, அதுதான் வருத்தம்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம்.

உங்கள் வீட்டிலும் சுகர்காரர் இருப்பார். அவருக்குத் திடீரென மூச்சு வாங்கினால், குளிர்ந்து வியர்த்தால், காரணமில்லாமல் தளர்ந்தால் சுகர் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது குறையவில்லை என்றால் நெஞ்சு வலிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.