கணக்குக்கு முன்னால் கொஞ்சம் நில்

அன்புச் செல்லம் கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துவிடுகிறாள் என்று உன் அம்மா புலம்புகிறாள். எனக்குக் கவலை வேறு. பரீட்சையில் முதல் ஆளாகத் தாளை நீட்டிவிட்டு ஓடி வருவாயே, அந்த அவசரம்.

செல் படங்களைப் பைத்தானில் அளக்கிறாயாம். கண்ணு, கோப்பை வாசித்ததும் கணக்கில் இறங்காதே. உயரம் எத்தனை, அகலம் எத்தனை, என்ன வகை எண், குறைந்த மதிப்பு எது, கூடிய மதிப்பு எது என்று திரையில் வரவழைத்துப் பார்.

உங்கள் கேமரா 12 பிட் என்றாய். அது 4095-க்கு மேல் போகாது. 16 பிட் டிஃப் கோப்பிலோ 65535 வரை இடம் உண்டு. அதனால் சாதாரண மென்பொருளில் படம் கன்னங்கரேலென்று தெரியும். பாழ் என்று அழித்துவிடாதே, எண்கள் பத்திரமாக இருக்கும். பைத்தானின் ஓப்பன்சிவி நூலகத்திடம் வெறுமனே வாசி என்றால் அந்தக் கோப்பை 8 பிட்டாகச் சுருக்கிவிடும். 4096 படிகள் இருந்த இடத்தில் ஏறக்குறைய 16 தான் மிஞ்சும். உள்ளது உள்ளபடி கொடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். வண்ணங்களையும் அது நீலம், பச்சை, சிவப்பு என்றுதான் அடுக்கும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த இடத்தில் நிற்காது. வெறுங்கையை நீட்டிவிட்டு, நாலு வரி தள்ளி எங்கேயோ போய் விழும்.

இன்னொன்று. நம்பை நூலகத்தின் 8 பிட் அணியில் 200-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 44 வரும், ஓர் எச்சரிக்கையும் இல்லாமல். கூட்டும் முன் தசம எண்ணாக மாற்றிக்கொள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அந்தப் படம் அத்தனை அழகு. பெரியம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். அளப்பதற்கு மட்டும் அதைத் தொடாதே. அது ஜேபெக் கோப்பு. ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் படாது என்று நினைப்பதைக் கழித்துவிடும். பிறகு டிஃபாக மாற்றினாலும் போனது போனதுதான். எங்கள் ஆய்வகத்தில் நெகட்டிவை உறையிலிட்டுப் பூட்டிவிட்டு, பிரிண்டில்தான் கோடு கிழிப்போம். நீயும் மூலக் கோப்புகளைத் தனி அடைவில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டிவிடு.

ஒரு புள்ளி எத்தனை மைக்ரான் என்பதைப் படம் எடுத்த அன்றே நோட்டில் குறித்துவை. கோப்பை வேறு வடிவத்தில் சேமித்தால் அந்தத் தகவல் பல சமயம் கழன்றுவிடும். தீபாவளிக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா