முப்பத்தைந்து வயதில் தாவக் கற்கலாமா?

கேள்வி: எனக்கு 35 வயது. தொலைக்காட்சியில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்து ஆசை வந்துவிட்டது. இங்கிருந்தே அந்தத் தாவல்களை முறையாகக் கற்க முடியுமா?
– வாசகி, உத்திரமேரூர்

பதில்: தாராளமாகக் கற்கலாம், சகோதரி. பனித்தளம் இல்லையே என்று தயங்காமல் சக்கரத்தில் தொடங்குங்கள். ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங்கிலும் சால்கோ, ஆக்ஸல் என்று அதே தாவல்கள்தான். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா இதில் தனியாக ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலுடன் ஜோடியாக இன்னொரு வெண்கலமும் வென்றார்.

வேகப் பந்தய ஷூ இதற்கு உதவாது. இரண்டிரண்டாக நான்கு சக்கரமும், முன்னால் ரப்பர் தடுப்பும் உள்ள ஷூவே வேண்டும். பயிற்சியாளரிடமும் ஆர்ட்டிஸ்டிக் கற்றுத்தருவாரா என்று கேட்டுச் சேருங்கள்.

தாவுவதற்கு முன் இறங்கக் கற்க வேண்டும். பெரும்பாலான தாவல்கள் ஒற்றைக்காலில், பின்னோக்கி வழுக்கியபடியே முடியும். அந்த நிலையில் தடுமாறாமல் நிற்கப் பழகியபின் அரைச்சுற்று வால்ட்ஸ் தாவலுக்கு வாருங்கள்: இடதுகாலில் முன்னோக்கி எழும்பி, வலதுகாலில் பின்னோக்கி இறங்குவது. முதலில் சாதாரண ஷூவுடன் தரையில் பழகுங்கள். எழும்பும்போதும் இறங்கும்போதும் முழங்கால் நன்றாக மடங்கட்டும். எழும்புமுன்பே தோளைத் திருப்பினால் உயரம் கிடைக்காது.

ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு மூன்றும் கட்டாயம். ஜல்லி பெயர்ந்த தெரு வேண்டாம். வழவழப்பான சிமென்ட் தளம் தேடுங்கள். மூட்டுவலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குப் பொறுமையும் உடலைக் கவனிக்கும் பக்குவமும் அதிகம். அவை உங்களுக்குக் கைகொடுக்கும்.