சீர் வேறு, பங்கு வேறு



ஆணும் பெண்ணும் சமம் என்று கூட்டங்களில் பேசுகிறோம். அந்தச் சமத்துவம் முதலில் வர வேண்டிய இடம் குடும்பம். அங்கே அது வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். பட்டாவும் பத்திரமும் யார் பேரில் இருக்கின்றன?

நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம்தான். ஆனால் பயிர்க்கடன் கேட்கப் போனால் சிட்டாவில் நம் பேர் இல்லை. பொறந்த வீட்டில் பங்கு கேட்டாலோ, "கட்டிக் குடுத்தாச்சு, சீரும் செஞ்சாச்சு, இன்னும் என்ன?" என்கிறார்கள். சீர் என்பது வழக்கம். பங்கு என்பது சட்டம்.

சட்டம் வந்த வழி

1929: செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

1989: இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது தமிழ்நாட்டுச் சட்டம். 25.3.1989க்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை.

2005: மத்திய அரசின் திருத்தம் 9.9.2005 முதல் அந்தத் தடையையும் நீக்கியது.

2020: அன்று தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

20.12.2004க்கு முன்பே பதிவு செய்து பாகம் பிரித்த சொத்துக்கு இது பொருந்தாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லையென்றால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கிறிஸ்தவ, இஸ்லாமியச் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொத்து இருந்தால் என்ன மாறும்?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. வீடும் நிலமும் இல்லாத பெண்களில் 100க்கு 49 பேர் கணவரிடம் நெடுங்காலம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் தன் பேரில் உள்ளவர்களில் 7 பேர்தான். போக ஒரு இடம் இருக்கிறவளை அடிக்கக் கை யோசிக்கும். அம்மா அடிபடாத வீட்டில் பிள்ளைகளும் பயமில்லாமல் வளரும்.

கையெழுத்துப் போடுமுன்

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். விட்டுக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி 15100.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேருக்குத் தன் பேரில் வீடோ நிலமோ இருக்கிறது?

2. நம் மகளுக்கும் பங்கு உண்டு என்று வீட்டில் பேசியிருக்கிறோமா?

3. நாத்தனார் பங்கு கேட்டு வந்தால் நாம் என்ன சொல்வோம்? அவளும் ஒரு வீட்டு மகள்தானே!