அப்பாவுக்குப் பின் அம்மாவின் பென்ஷன்

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா போன மாதம் காலமானார். அம்மா எங்கே போய்க் கேட்பது?
— வாசகி, வேலூர்

பதில்: முதலில் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். விண்ணப்பம் நிரப்புவதற்கு இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். வழிகாட்டுவது அந்த அலுவலகத்தின் வேலை. அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

புறப்படும் முன் ஒன்றைப் பாருங்கள். பென்ஷன் ஆணையில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா? 'லட்சுமி' ஓரிடத்தில் 'லட்சுமியம்மாள்' ஆகியிருந்தால்கூடக் குடும்ப ஓய்வூதியம் இழுத்தடிக்கும். திருத்தம் அப்பாவின் படைப்பிரிவு ஆவணக் காப்பகத்தில்தான் நடக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறையில் வருகிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தர மறக்கக் கூடாது.

2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும், ராணுவ கேன்டீனும் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் உண்டு. இவை சலுகை அல்ல, அம்மாவின் உரிமை. தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.