திருடனுக்குப் பூட்டு, நெருப்புக்கு வழி

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறும் தம்பிமாருக்கும் தாயிமாருக்கும் இதைச் சொல்கிறேன். நம் கொட்டாம்பட்டிப் பக்கம் வீடு கட்டுகிறவர் முதலில் பயப்படுவது திருடனுக்குத்தான். வாசலுக்குக் கிரில், சன்னலுக்குக் கம்பி, மொட்டைமாடிக்குப் பூட்டு என்று அடைத்துவிடுகிறோம். ராத்திரியில் தீப்பிடித்தால் அதே பூட்டு நம்மையும் உள்ளே வைத்துவிடும். பூட்டுகிறபோதே வெளியேறும் வழியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டுக்கு இரண்டு வழி வேண்டும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டப மாடியில் பந்தல் பற்றியபோது ஒடுக்கமான படிக்கட்டில் இறங்க முடியாமல் ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள், மாப்பிள்ளையும் சேர்த்து. உங்கள் பின்கதவில் நெல் மூட்டையும் பழைய கட்டிலும் சாத்தியிருந்தால் அந்த வழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் போதுமென்றால் பூட்டே வேண்டாம். பூட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சாவி கதவருகிலேயே, வெளியாள் கைக்கு எட்டாமல், வீட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி தொங்கட்டும். தலையணைக்கடியில் வைத்த சாவி இருட்டில் அகப்படாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். அவிழ்க்க முடியாத கட்டு என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

3. படுக்கும் அறையில் ஒரு சன்னலையாவது திறக்கும் கம்பியாக வையுங்கள். வெல்டிங் பட்டறையில் சொன்னால் கீல் வைத்து, உள்ளிருந்து தாழ் நீக்கும்படி செய்து கொடுப்பார்கள். வீடு கட்டும்போதே செய்தால் செலவு குறைவு.

4. தீயைவிடப் புகை முந்தும். சூடான புகை மேலே ஏறும், தரையோரம்தான் மூச்சு விடக் காற்று மிஞ்சும். அதனால் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுங்கள். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காமல் அடுத்த வழிக்குப் போங்கள். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீ பரவுவது தாமதமாகும்.

5. போகிற வழியில் எரிகிற பொருள் வேண்டாம். மாடிப்படிக்கடியில் இன்வெர்ட்டர், வாசலை மறித்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறும் பேட்டரி ஸ்கூட்டர், இரண்டையும் இடம் மாற்றுங்கள். நம் ஊரைச் சுற்றித் தென்னை நார் ஆலைகள் இருப்பதால் நாரும் மட்டையும் வீட்டுப் பக்கம் வந்துவிடுகின்றன. அவற்றையும் வைக்கோல் படப்பையும் கிடுகுக் கொட்டகையையும் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது.

6. யார் யாரைக் கூட்டி வருவது என்று இன்றே பேசி முடியுங்கள். கைக்குழந்தைக்கு ஒருவர், நடக்க முடியாத அப்பத்தாவுக்கு ஒருவர். எல்லோரும் வந்து நிற்க எதிர்வீட்டு வேப்பமரம் மாதிரி ஓரிடம் குறித்து, அங்கே தலையை எண்ணுங்கள். பத்திரம், நகை, கைபேசி எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

7. வெளியே வந்தபின் 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். ஊர், தெரு, பக்கத்துக் கோயில் என்று அடையாளம் சொல்லி, ரோட்டு முக்கில் ஓர் ஆளை நிறுத்துங்கள். கேஸ் வாடை மட்டும் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும்.

8. ஒத்திகை பாருங்கள். ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளையே சாவியை எடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. ஆண்டுக்கொரு தடவை அந்த வாரத்தில் செய்தால் மறக்காது.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. இன்று ராத்திரி வீட்டைப் பூட்டுவதற்கு முன், பின்கதவை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.